சூடம் அணைத்த கை

வேலாங்குறிச்சி
8.6.1974

கருப்பசாமி துணை.

மாப்பிள்ளை சோணைமுத்துக்கு, உன் அக்காள் புருசன் சங்கையா எழுதுவது. நாங்கள் ரெண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். உன் அக்காளுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உனக்கு மலைக்காற்று ஒத்துக்கொண்டதா, டீக்கடை முதலாளி நேரத்துக்குச் சோறு போடுகிறாரா, இருமல் நின்றதா என்று எழுது.

என் எழுத்து விளங்குகிறதா? பதினோரு மாதம் உள்ளே இருந்தபோது ஒரு வார்டர் சொல்லிக்கொடுத்த எழுத்து. கிணற்றுத் தகராறில் ஒருத்தன் காதை அறுத்துவிட்டுப் போனேன், படித்துவிட்டு வந்தேன். சர்க்கார் செலவில் படித்தவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான்.

இங்கே மழையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கண்மாய் வெடித்துக் கிடக்கிறது, வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகிறது. போன வாரம் அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஒரு கட்டு பனையோலைக்கு அடித்துக்கொண்டார்கள். மாட்டுக்குப் போடத்தான். தம்பி கடப்பாரையால் போட்டதில் அண்ணனுக்கு மண்டையில் ஆறு தையல். அதற்குள் ஓலையை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நம் உழவு மாடு செவலையையும் மயிலையையும் விற்றுவிட்டேன். இதைத்தான் எழுத உட்கார்ந்தேன், எங்கெங்கோ சுற்றிவிட்டு இப்போதுதான் கை அங்கே வருகிறது. பதினோரு நாளைக்கு முன்னால் அருப்புக்கோட்டைச் சந்தையில் பாலவனத்தம் காளிராஜ் என்கிற தரகனிடம் கொடுத்தேன். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்தான். விலை சம்மதமாகி, கயிறு மாற்றும்போது என் கை விடமாட்டேன் என்றது. "ஏலே, இது உழவுக்குப் போகுதா, அடிமாட்டுக்குப் போகுதா?" என்று கேட்டேன்.

"கம்பத்துப் பக்கம் நஞ்சைக்குப் போகுதுண்ணே. ரெண்டு போகம் நெல்லு. வாய்க்கா ஓரத்துல பச்சையா மேயும்" என்றான்.

சத்தியம் கேட்டேன். ஓட்டுத் துண்டில் சூடத்தை ஏற்றி, கருப்பசாமி பேரைச் சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தான். அதற்கு மேல் நான் என்ன கேட்க முடியும்?

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் ஒரு எண்ணெய்ச் செக்குக்காரர். கதை கேட்டுவிட்டுச் சிரித்தார். "காளிராசுகிட்டயா குடுத்தீக? அவன் மாடு கம்பத்துல நிக்காதே. மலையேறி அந்தப் பக்கம் போயி கறிக்கடையிலதான் நிக்கும்." நான் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர் நிறுத்தவில்லை. அவனை நாலு அறை அறைந்தேன். பாவம், அவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பல் ஒன்று ஆடியது என்று பிற்பாடு சொன்னார்கள்.

மாப்பிள்ளை, நீ கம்பத்தில் இருக்கிறாய். போய்த் தேடு. செவலைக்கு இடது காது நுனி ரெண்டாகப் பிளந்திருக்கும். நீதான் ரெண்டு வருசம் மேய்த்தாயே, உனக்கு நான் அடையாளம் சொல்லவேண்டியதில்லை. ஏர் பூட்டி நிற்கிறதா என்று பார்த்து எழுது. பொய்ச் சத்தியம் என்றால் காளிராஜ் தலையை அந்தச் சந்தைத் தரையில் போடுவேன். அருவாளைத் தீட்டி மாட்டுக் கொட்டத்துக் கூரையில் செருகியிருக்கிறேன். இந்தத் தடவை உள்ளே போனால் திரும்பி வரமாட்டேன், அதுவும் தெரியும். உன் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதாதே என்று அழுகிறாள். எழுதிவிட்டேன்.

ஆடி பிறப்பதற்குள் பதில் வரட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

சங்கையா


கம்பம்
21.6.1974

மரியாதைக்குரிய மச்சானுக்குச் சோணைமுத்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இருமல் நின்றுவிட்டது. அக்காள் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடு காட்டித் தேய்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்து, முதலாளியிடம் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுத் தேடிப் போனேன். ரெண்டும் இருக்கின்றன மச்சான். உத்தமபாளையத்துக்கு இந்தப் பக்கம் சின்னத்துரை என்கிற சம்சாரி வாங்கியிருக்கிறார். வாய்க்கால் ஓரத்தில் வயல். முழங்கால் அளவு சேற்றில் தொளி உழுதுகொண்டிருந்தன. செவலை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது. மயிலைக்கு விலா எலும்பு மறைந்துவிட்டது. மத்தியானம் அவிழ்த்துவிட்டால் பச்சைப் புல், சாயங்காலம் பருத்திக்கொட்டை. கொம்புக்கு எண்ணெய் தடவியிருக்கிறார்கள்.

சின்னத்துரை கொஞ்சம் சிடுசிடுப்பான ஆள். விற்றவர்கள் தேடி வந்தால் அவருக்குப் பிடிக்காது என்றார். அதனால் நீங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம்.

அருவாளைக் கீழே வைத்துவிடுங்கள் மச்சான். காளிராஜ் சொன்னது சரிதான். அக்காளை அழவிடாதீர்கள்.

தங்கள் சோணைமுத்து


வேலாங்குறிச்சி
6.7.1974

கருப்பசாமி துணை.

மாப்பிள்ளைக்கு. வீட்டில் எல்லோருக்கும் சுகம். எல்லோரும் என்றால் நாங்கள் ரெண்டு பேரும் ஒரு பூனையும். பூனை புதிது.

உன் கடிதாசியைக் கருப்பசாமி கோயில் வேப்பமரத்தடியில் வைத்து வாசித்தேன். தொளி உழுதது, பருத்திக்கொட்டை, கொம்புக்கு எண்ணெய் என்று நான் வாசிக்க வாசிக்க ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். ஆண்டிச்சாமி அண்ணன் இருக்கிறாரே, பெண்டாட்டி செத்தபோதுகூடக் கண்ணீர் விடாத மனுசன், அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "ரெண்டு போகமாலே? ரெண்டு போகமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் மாடு ரெண்டும் எலும்பும் தோலுமாய் நிற்கின்றன.

சந்தைக்குப் போய்க் காளிராஜைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பருத்தி வண்டிக்குப் பின்னால் ஒளிந்தான். பிடித்து இழுத்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். "ஒன்ன வெட்டணும்னு இருந்தேன், மன்னிச்சுக்க" என்றேன். அவன் முழித்த முழியை நீ பார்த்திருக்க வேண்டும். மாடு உத்தமபாளையத்தில் உழுகிறது என்று அவனுக்கே நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியைப் பார்த்தான். அப்புறம், "ஆமாண்ணே, அங்கதான் குடுத்தேன்" என்றான்.

ஒன்று கேட்க மறந்தேன். செவலையை எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறார்கள்? வலப்பக்கம் தவிர வேறு பக்கம் அது போகாது, மேழியை ஒடித்துவிடும். சின்னத்துரையிடம் சொல்லிவிடு.

ஊரில் ஏழெட்டுப் பேர் காளிராஜிடமே கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள். நீ நாக்குச் சுத்தமான பிள்ளை, உன் வார்த்தைதான் இந்த ஊருக்கு இப்போது வாக்கு. பதில் போடு.

சங்கையா


கம்பம்
2.8.1974

மச்சானுக்குச் சோணைமுத்து எழுதுவது. நலம். அக்காள் நலத்துக்கு எழுதவும்.

செவலையை இடப்பக்கம்தான் பூட்டியிருக்கிறார்கள். நன்றாகத்தான் போகிறது.

ஊர் மாடுகளை அனுப்பவேண்டாம். இங்கே வயல்காரர்களிடம் மாடு நிறைந்துவிட்டது. வாங்க ஆளில்லை. காளிராஜிடம் யாரும் கொடுக்கவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மழை வரும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை அதிகம். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

சோணைமுத்து


வேலாங்குறிச்சி
29.8.1974

கருப்பசாமி துணை.

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். உன் அக்காள் முழங்கால் தேவலை. எனக்குத்தான் வலது உள்ளங்கை கொப்பளித்துக் கிடக்கிறது. பேனாவை மூன்று விரலால் பிடித்து எழுதுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதாசியைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊர் மாடெல்லாம் அங்கே வந்துவிட்டால் நம் செவலைக்குத் தீவனம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறாய். அது நல்ல மனசுதான். செவலை இடப்பக்கம் போகிறதா! பசும்புல்லைத் தின்றால் மாட்டுக்கே புத்தி மாறும் போலிருக்கிறது. உன் அக்காளிடம் சொன்னேன். அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

பொறுத்துக்கொள்ளச் சொன்னாய். எப்படிப் பொறுப்பது? மேலத்தெருவில் ஒரு கிடேரி கால் மடங்கி விழுந்தது. உயிர் இருக்கும்போதே நாய்கள் பின்பக்கம் தின்ன ஆரம்பித்துவிட்டன. அது தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கிடந்தது. கல்லை எடுத்து நாயை விரட்டினேன், போகவில்லை. கடைசியில் அந்தக் கல்லைக் கிடேரி தலையிலேயே போட்டேன். ரெண்டு தடவை போட வேண்டியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஊர் கூடிவிட்டது.

பதினேழு வீடு, இருபத்து மூன்று உருப்படி. காளிராஜ் ஊருக்கே வந்தான். நஞ்சைக்குத்தான் போகும் என்று சூடம் அணைக்கச் சொன்னார்கள். அவன் கையை நீட்டினான். ஆண்டிச்சாமி அண்ணன் தடுத்துவிட்டார். "தரகன் சத்தியம் எங்களுக்கு எதுக்கு? சங்கையா அணைக்கட்டும். அவன் மச்சினந்தான் கண்ணால பாத்து எழுதுறான்" என்றார்.

அணைத்தேன் மாப்பிள்ளை. வீட்டுக்கு ஒரு சூடம், பதினேழு சூடம். பத்துக்கு மேல் தோல் உரிந்துவிட்டது. பாதியில் நிறுத்தினால் மீதி வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? நான் காதை அறுத்தேனே, அவன் வீடும் அதில் ஒன்று. அவன்கூட என்னைக் கும்பிட்டான்.

வெள்ளைத்தாய் மதினி பசு நிறைசினை. கயிறு மாற்றும்போது அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். கன்று எப்படிப் போட்டது என்று நீ எழுதவேண்டுமாம். இருபத்து நாலாம் தேதி நடையாய்க் கிளப்பிவிட்டோம். இந்தக் கடிதாசிக்கு முன்னாலேயே கம்பம் சேர்ந்துவிடும். எல்லாம் நல்ல வயலாகப் பார்த்துப் போகிறதா என்று கூடவே நில்.

சங்கையா


வேலாங்குறிச்சி
19.10.1974

கருப்பசாமி துணை.

மாப்பிள்ளை, எங்களுக்குச் சுகம்தான். உனக்கு என்ன? நான் எழுதி ஐம்பது நாளாகியும் பதில் இல்லை. உன் அக்காள் தபால்காரர் மணி கேட்டால் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போகிறாள். வெள்ளைத்தாய் மதினி தினம் வந்து கன்று காளையா கிடேரியா என்று கேட்கிறாள். நான்தான் கிடேரி என்று சொல்லி வைத்திருக்கிறேன். காளையாக இருந்தாலும் பாதகமில்லை.

ரெண்டு மழை பெய்தது. பெரிய மழை இல்லை, ஆனால் மண் வாசனை வந்துவிட்டது. விதைக்க மாடு வேண்டும். பதினேழு வீட்டிலிருந்தும் ஆள் சேர்த்துக்கொண்டு அடுத்த மாதம் கம்பம் வருகிறோம். கொடுக்கிறவர்களிடம் திரும்ப வாங்கலாம், கொடுக்காவிட்டால் பார்த்துவிட்டாவது வரலாம். சின்னத்துரை சிடுசிடுத்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

எந்தப் பஸ்ஸில் வந்து எங்கே இறங்க வேண்டும் என்று எழுது.

சங்கையா


கம்பம்
27.10.1974

மச்சானுக்கு.

நலம் கேட்டு எழுத எனக்குத் தகுதி இல்லை.

யாரும் வரவேண்டாம். இங்கே மாடு இல்லை. சின்னத்துரை என்று ஒரு ஆள் இல்லை. நான் டீக்கடையில் வேலை பார்த்ததும் இல்லை, அந்தக் கடை விலாசத்துக்குக் கடிதம் வரும், வாங்கிக்கொள்வேன், அவ்வளவுதான். வந்த மூன்றாம் மாதமே மாட்டைப் பத்தி ஓட்டிக்கொண்டு போகிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். கீழ்நாட்டுச் சந்தைகளில் வாங்குகிற மாடு கம்பம் வரைக்கும் ஒரு ஆள் கையில் வரும். இங்கிருந்து குமுளி மலையேற்றி மலையாளத்துப் பக்கம் வெட்டுகிற இடம் வரைக்கும் எங்கள் கையில் போகும். எண்பது மாட்டுக்கு ஆறு ஆள். மாடு நிற்கக்கூடாது. நின்றால் படுக்கும், படுத்தால் எழாது. படுத்த மாட்டுக்கு வாலை முறுக்குவோம். எலும்பு ஒவ்வொன்றாக முறியும், சத்தம் கேட்கும். அதற்கும் எழாவிட்டால் கண்ணில் மிளகாய்ப் பொடி. அந்தப் பொடி மூட்டை என் மடியில்தான் இருக்கும் மச்சான். என் வேலை அதுதான்.

ஜூன் மாதம் வந்த மாட்டுக் கூட்டத்தில் பிளந்த காதைப் பார்த்தேன். எங்கள் கூட்டத்துப் பெரியாளிடம் இந்த ஜோடியை மட்டும் விட்டுவிடலாம் என்று கேட்டேன். "ஏன், ஒனக்குச் சொந்தக்காரனா?" என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மயிலைக்கு மலை வளைவில் முன்னங்கால் ஒடிந்தது. அங்கேயே அறுத்து ஜீப்பில் ஏற்றினார்கள். செவலை கடைசி வரைக்கும் நடந்தது. வெட்டுகிற இடத்தில் ரத்த வாடைக்கு மாடெல்லாம் பின்வாங்கின. செவலை மட்டும் நான் கூப்பிட்டால் வந்தது. அதனால் கயிற்றை என்னையே பிடிக்கச் சொன்னார்கள். நெற்றியில் சம்மட்டியால் அடிப்பார்கள். அது என் மடியை மோந்து பார்க்கத் தலையைத் திருப்பியதால் முதல் அடி கண்ணில் பட்டது. மூன்றாவது அடியில்தான் விழுந்தது. நான் கயிற்றை விடவில்லை.

மலை இறங்கி வந்தபோது உங்கள் கடிதம் டீக்கடையில் கிடந்தது. அருவாளைத் தீட்டி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். மாடு போய்விட்டது, நீங்களும் போனால் அக்காளுக்கு யார் என்று நினைத்தேன். அன்றைக்கே உட்கார்ந்து உத்தமபாளையத்தையும் சின்னத்துரையையும் எழுதினேன். நீங்கள் அதை ஊருக்கு வாசிப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

இருபத்து மூன்றும் என் கையில்தான் போயின. உண்மையை எழுதியிருந்தால் அவை வந்திருக்காது. வெள்ளைத்தாய் மதினி பசு மலை ஏறும்போது நடுரோட்டில் கன்று போட்டது. கிடேரிதான். கன்றுக்காக மாடு நிற்கும் என்று பெரியாள் அதை ஈரத்தோடு காலால் பள்ளத்தில் தள்ளினான். பசு நடக்கவில்லை. நான் மடியிலிருந்த பொடி மூட்டையை அவிழ்த்தேன். ஆண்டிச்சாமி அண்ணன் காளையில் ஒன்று வளைவில் பாய்ந்து தானாகப் பள்ளத்தில் விழுந்தது. அது ஒன்றுதான் வெட்டுகிற இடத்துக்குப் போகவில்லை.

வெட்டுவதானால் என்னை வெட்டுங்கள். காளிராஜை விட்டுவிடுங்கள். அவன் உங்களிடம் சொன்னது ஒரு பொய். ஊருக்குச் சொன்னது நான்.

சோணைமுத்து


வேலாங்குறிச்சி
12.11.1974

தம்பி சோணைமுத்துக்கு அக்காள் முருகேஸ்வரி சொல்ல, பலசரக்குக் கடை சௌந்தரம் அக்கா எழுதுவது. நான் நடமாடுகிறேன். உன் மச்சான் குப்புறப் படுத்திருக்கிறார். காய்ச்சல் இறங்கிவிட்டது.

உன் கடிதாசி வந்த அன்றைக்கு அவர் தனியாக வாசித்தார். முடித்துவிட்டுக் கொட்டத்துக்குப் போனார். நான் ஓடிப்போய் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டேன். அருவாளை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்னைத் தாண்டிப் போய்க் கோயில் மணியை அடித்து ஊரைக் கூட்டினார்.

ஒரு வரி விடாமல் வாசித்தார் தம்பி. மதினி கன்றுக்குட்டி இடம் வந்தபோது, அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதையும் வாசித்தார். சௌந்தரம் அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு, இதெல்லாம் எதற்கு முருகேஸ்வரி என்கிறாள். எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஆம்பளைகள் வேல்கம்பு, அருவாளோடு பாலவனத்தத்துக்குக் கிளம்பினார்கள். காளிராஜையும் அவன் வீட்டையும் ஒன்றும் மிச்சம் வைக்கக்கூடாது என்று சத்தம். உன் மச்சான் பாதையை மறித்து நின்றார். "காளிராசு எனக்குத்தான் சூடம் அணைச்சான். ஒங்களுக்கு அணைச்சது நான். மொதல்ல எனக்குக் குடுக்கவேண்டியதக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

கருப்பசாமி முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு நம் ஊரில் என்ன வழக்கம் என்று உனக்குத் தெரியும். ஏமாந்த வீடு ஒவ்வொன்றும் சாமி சாட்டையால் ஒரு அடி. நம் அப்பா காலத்தில் ஒரு தடவை நடந்ததாகச் சொல்வார்கள், அது ஒரு வீட்டு அடி. இவருக்குப் பதினேழு. சட்டையைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

முதல் அடி ஆண்டிச்சாமி அண்ணன். நான் கண்ணை மூடிக்கொண்டேன், சத்தத்தை என்ன செய்வது? ஆறாவது அடியில் தோல் கிழிந்தது. யாரும் மெதுவாக அடிக்கவில்லை. காது அறுபட்டவன் ரெண்டு எட்டு பின்னால் போய் ஓடிவந்து அடித்தான். வெள்ளைத்தாய் மதினி ரெண்டு அடி அடித்தாள். வீட்டுக்கு ஒன்றுதானே என்று பெரியவர்கள் கேட்டார்கள். "மாட்டுக்கு ஒண்ணு. கன்னுக்குட்டிக்கு ஒண்ணு" என்றாள். அது நியாயம் என்று விட்டுவிட்டார்கள். கை ஓங்கினவனையே கொல்லப் போகிற உன் மச்சான், மரத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்து சாட்டையைச் சாமி முன்னால் வைக்கப் போனார்கள். மரத்தை விடாமலே, "இன்னும் ஒரு வீடு பாக்கி" என்றார். யார் வீடு என்று எண்ணிப் பார்த்தார்கள். "செவலையும் மயிலையும் போன வீடு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் மாட்டேன் என்றேன். "அடி, முருகேசு. ஒனக்காகத்தான் அவன் பொய் எழுதியிருக்கான்" என்றார்.

வாங்கி அடித்தேன் தம்பி. அவரை நினைத்து அடிக்கவில்லை. உன்னை நினைத்து அடித்தேன், இருக்கிற பலமெல்லாம் சேர்த்து அடித்தேன். அந்த அடியில்தான் அவர் விழுந்தார்.

அதற்கப்புறம் யாரும் பாலவனத்தத்துக்குப் போகவில்லை. அடித்து அடித்து ஊருக்கே கை ஓய்ந்துபோயிருந்தது. ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்டிச்சாமி அண்ணன்தான் இவரை ஒரு தோளில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்.

என் புருசன் ஜெயிலுக்குப் போகவில்லை. நீ நினைத்தது நடந்துவிட்டது. நீ இப்போதைக்கு இந்தப் பக்கம் வராதே. அவர் ஒன்றும் செய்யமாட்டார். என் கையை நான் நம்பவில்லை.

முருகேஸ்வரி


கம்பம்
24.11.1974

மச்சானுக்கும் அக்காளுக்கும் சோணைமுத்து.

காயம் ஆறிவிட்டதா? இங்கே மாடு பத்துகிற வேலையை விட்டுவிட்டேன். பெரியாள் என்னை நாலு பேரை வைத்து உதைத்தான், கூட்டத்து ரகசியம் வெளியே போகும் என்று பயம். இடது கை மணிக்கட்டு சேரவில்லை. இப்போது ஏலக்காய் மண்டியில் மூட்டை தைக்கிறேன்.

பத்தொன்பது அடியும் எனக்குச் சேர வேண்டியது. வந்து வாங்கிக்கொள்ளலாமா என்று ஊரைக் கேட்டு எழுதுங்கள். அது போதும்.

சோணைமுத்து


வேலாங்குறிச்சி
10.2.1975

கருப்பசாமி துணை.

மாப்பிள்ளைக்குச் சங்கையா எழுதுவது. உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? எண்ணெய் போட்டு மூங்கில் தப்பை வைத்துக் கட்டு, இங்கிலீஷ் மருந்தை நம்பாதே. பதில் போட ரெண்டரை மாதம் ஆகிவிட்டது. கோபத்தில் இல்லை. ஒரு மாதம் உட்கார முடியவில்லை, படுத்துக்கொண்டு எழுதினால் மை பேனாவில் இறங்கமாட்டேன் என்கிறது. முதுகு இப்போது உழுத புஞ்சை மாதிரி இருக்கிறது. உழுத புஞ்சை இந்த வருசம் ஊரில் அது ஒன்றுதான். ரெண்டு மழையோடு வானம் மூடிக்கொண்டது.

தை பிறந்ததிலிருந்து வாரா வாரம் அருப்புக்கோட்டைச் சந்தைக்குப் போகிறேன். விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. மாடுகள் உள்ளே வருகிற வழியில் ஒரு கல்லில் சட்டை இல்லாமல் உட்கார்ந்துகொள்வேன். மாடு பிடித்து வருகிற சம்சாரியைக் கூப்பிட்டு நீ எழுதினதை அப்படியே சொல்வேன். வால் முறிக்கிறது, மிளகாய்ப் பொடி, சம்மட்டி, கன்றுக்குட்டி. எனக்குக் கதை சொல்ல வரும் என்று உனக்குத் தெரியுமே. இடையில் பஸ் கண்டக்டர் கதையையும் சேர்த்துக்கொள்வேன், அப்போதுதான் நின்று கேட்பார்கள்.

முதல் வாரம் காளிராஜ் ஆட்கள் வந்து விலாவில் மிதித்தார்கள். ஒரு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. ரெண்டாவது வாரம் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். நான் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் ரெண்டு பேரையாவது கிழித்திருப்பேன், அந்த ஆசை இன்னும் போகவில்லை, உன்னிடம் பொய் சொல்லவேண்டியதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து யாரும் அடிப்பதில்லை. காளிராஜே டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். ஏன் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. குடித்தேன்.

போன வாரம் திருச்சுழிப் பக்கத்திலிருந்து தனுஷ்கோடி என்று ஒரு பெரியவர் வந்தார். ஜோடி மாடு, வெள்ளை. தண்ணீர் பார்த்து நாளாகியிருக்கும், நாக்கு தொங்குகிறது. உட்கார்ந்து முழுக் கதையும் கேட்டார். முடிந்ததும் என் முதுகுப் பக்கம் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரொம்ப வலிச்சுச்சாய்யா?" என்றார்.

"கடேசி அடிதான்" என்றேன்.

தலையை ஆட்டினார். மாட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வந்த வழியே திரும்பிப் போகிறார் என்று நினைத்தேன். சந்தைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். காளிராஜிடம்தான் போனார். துண்டுக்குள் கையை விட்டார், விரலைப் பிடித்தார்கள், கயிறு மாற்றினார்கள். எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை. காளிராஜ் பழக்கதோசத்தில் மடியிலிருந்து சூடத்தை எடுத்தான். பெரியவர் அவன் கையைப் பிடித்து மடியிலேயே வைத்துவிட்டார். "வேண்டாம்ப்பா. அவரு சொல்லிட்டாரு" என்றார்.

வாரா வாரம் இப்படித்தான் நடந்திருக்கிறது மாப்பிள்ளை. நான் கல்லை விட்டு எழுந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். என்னிடம் கேட்கிறார்கள், எல்லாம் கேட்டுக்கொள்கிறார்கள், போய் விற்கிறார்கள். அதற்குத்தான் அந்த டீ. வீட்டில் கட்டி வைத்தால் நாய் தின்னும், அதைப் பார்க்க முடியாது. நானும் ஒரு கிடேரி தலையில் கல்லைப் போட்டவன்தானே.

ஊரைக் கேட்டேன். நீ வரலாம். முதலில் கோயிலுக்கு வா, அப்புறம் வீட்டுக்கு. உன் அக்காள் வராதே என்று இன்னும் சொல்கிறாள், ஆனால் நேற்று உனக்குப் பாய் ஒன்று வாங்கினாள்.

நாளைக்கும் சந்தை. போகத்தான் போகிறேன். அருப்புக்கோட்டையில் இப்போது யாரும் யாரையும் சூடம் அணைக்கச் சொல்வதில்லை.

சங்கையா